கை தொடும் இடம்

2024 தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலையில் கும்பகோணம் போய் இறங்கினேன். வாசல் கதவைத் திறந்து உள்ளே போனதுமே ஏதோ குறைகிறது என்று தோன்றியது. அந்த நேரத்தில் அந்த வீட்டில் எப்போதும் கேட்கிற சத்தம் இல்லை. காலைக் காபி முடிந்ததும் ஒரு மணி நேரம் கணினியில் தட்டச்சு செய்வது அம்மாவின் வழக்கம். அன்று கூடத்து நாற்காலியில் கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மிஷின் போயிடுச்சும்மா. பத்து நாளாச்சு" என்றாள்.

அப்போது அம்மாவுக்கு 71 வயது. கணினிக்கு 20 வயது.

அம்மா 1972-இல், தன் 19-ஆம் வயதில், தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேர்வு தேறியவள். கல்யாணமாகி நான் பிறந்த பிறகு, நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு முன்னறையை வாடகைக்குப் பிடித்து 'ஜாப் டைப்பிங்' என்று பலகை மாட்டினாள். ஒரு ரெமிங்டன் தட்டச்சுப் பொறி, ஒரு மேசை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. பட்டா பெயர் மாற்றம், வாரிசுச் சான்று, குத்தகைத் தகராறு, முதியோர் உதவித்தொகை என்று எல்லா மனுவும் அந்த அறையில் தயாராகும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எதிரே உட்கார்ந்து தங்கள் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்வார்கள். அழுவார்கள். அம்மா கேட்டுக்கொண்டே அடிப்பாள். காகிதத்தை உருவி எடுக்கும்போது அந்த அழுகை 'அனுப்புநர்', 'பெறுநர்', 'ஐயா' என்று ஓர் அலுவலகம் ஏற்றுக்கொள்ளும் உருவத்துக்கு வந்திருக்கும். அப்பா சீக்கிரமே போய்விட்டார். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தது அந்த ரெமிங்டன்தான்.

தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா. 1930-களில் அவர் யோசித்துச் செய்த ஏற்பாடுகளில் ஒன்று நகரா விசை. 247 எழுத்துகளை ஒரு சிறு பலகைக்குள் அடக்க வேண்டும். அதற்காகப் புள்ளிக்கும் இகர ஈகாரக் குறிகளுக்கும் தனி விசை வைத்தார். அந்த விசையை அடித்தால் காகிதத்தைத் தாங்கும் கேரியேஜ் நகராது. புள்ளி முதலில் விழும். அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் அதன் கீழ் வந்து உட்காரும். ஆக 'ம்' என்று அடிக்க முதலில் புள்ளி, பிறகு ம. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மாவின் விரல் இப்படித்தான் ஓடியது.

2004 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம். அந்த நேரத்தில் நோட்டீஸ், அழைப்பிதழ், சத்திரங்களுக்கு விண்ணப்பம் என்று வேலை குவிந்தது. வந்தவர்கள் எல்லாரும் 'கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுங்க' என்றார்கள். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து உதிரி பாகங்கள் சேர்த்துக் கட்டிய கணினி ஒன்றை வாங்கினாள். பென்டியம் 4, 256 எம்.பி. நினைவகம், 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 17 அங்குலப் பெட்டித் திரை, விண்டோஸ் எக்ஸ்பி. எழுத்துக்குப் பாமினி எழுத்துரு.

பாமினியில் விசைகளின் இடம் பெரும்பாலும் தட்டச்சுப் பொறியின் இடமேதான். இடக்கைக்கு ய, ள, ன, க, ப. வலக்கைக்குத் த, ம, ட. ஆனால் ஒரு பெரிய மாற்றம் இருந்தது. எழுத்தை முதலில் அடித்து, புள்ளியைப் பிறகு அடிக்க வேண்டும். கேட்பவருக்கு இது சின்ன விஷயமாகப் படும். தமிழில் எந்த வரியிலும் புள்ளி வைத்த எழுத்து நாலைந்தாவது இருக்கும். அத்தனை இடத்திலும் விரல் முன்பின்னாகப் பழக வேண்டும். 51 வயதில் அம்மா மூன்று மாதம் கடையைப் பூட்டிய பிறகு இரவு பத்து மணி வரை உட்கார்ந்து இதைப் பழகினாள். புள்ளிகள் இடம் மாறிப்போன காகிதங்களைக் கிழித்துக் கிழித்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

2015-இல் கடையை மூடினாள். கணினி வீட்டுக்கு வந்தது. அதன் பிறகும் தெருக்காரர்கள் மனு கேட்டு வருவது நிற்கவில்லை. மிச்ச நேரத்தில் தன் பாட்டி பாடிய தாலாட்டுகளையும் நடவுப் பாட்டுகளையும் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன. இணையத்தோடு இணைக்காததால் அது ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் நாணய அளவு பேட்டரி தீர்ந்துபோய், தினமும் காலையில் கணினி பல வருஷம் பின்னே போன தேதியைக் காட்டும். அம்மா சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்துத் தேதியைச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடங்குவாள்.

அந்தக் கணினிதான் நின்றுபோனது. ஊரில் ஒரு கடையிலிருந்து பழுது பார்க்கிறவரைக் கூட்டி வந்தேன். பெட்டியைத் திறந்து காட்டினார். மதர்போர்டில் ஐந்தாறு கெப்பாசிட்டர்களின் தலை உப்பி, இரண்டு கசிந்திருந்தன. "இதுக்கு போர்டு கிடைக்காதுக்கா. எடைக்குப் போட்டுட்டு ஒரு லேப்டாப் வாங்கிக் குடுத்துடுங்க" என்றார். ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் எடைக்குப் போடச் சொன்னார். அதை மட்டும் நான் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு வரும்போது ஒரு புது மடிக்கணினி வாங்கி வந்தேன். மெல்லியது, எடை குறைந்தது, மின்சாரம் போனாலும் பல மணி நேரம் ஓடும். தமிழ் எழுத, ஆங்கில எழுத்தில் ஒலித்தால் தமிழாக மாறும் முறையை அமைத்துக் கொடுத்தேன். பேசினாலே எழுத்தாகும் வசதியையும் காட்டினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள். நான் திருப்தியோடு சென்னை திரும்பினேன்.

சித்திரையில் மறுபடி போனபோது அந்த மடிக்கணினி பீரோவில், வாங்கிய உறைக்குள்ளேயே இருந்தது. வாசலில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு மனுவோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா அதைக் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுத்து நடுங்கியிருந்தது.

"ஏம்மா இதுல அடிக்கல?" என்று கேட்டேன்.

"கை நிக்க மாட்டேங்குதும்மா. தமிழ் அடிக்க இங்கிலீஷ் எழுத்தைத் தேட வேண்டியிருக்கு. பேசிப் பாத்தேன். பேசினா மனு மாதிரி வரல. எனக்கு அடிச்சாத்தான் வார்த்தை வரும்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வாங்கிய பொருளில் குறை எதுவும் இல்லை. வாங்கும் முன் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் குறை. கடையில் நின்று நினைவகம் எவ்வளவு, திரை எவ்வளவு என்று கேட்டேனே தவிர, அதைத் தொடப்போகிற கைகளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மறுநாள் முழுவதும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழைய விசைப்பலகையை மேசையில் வைத்து, எதனோடும் இணைக்காமலே, அம்மாவை ஒரு மனுவை அடிக்கச் சொன்னேன். ஒரு நோட்டில் நான் பார்த்ததை எழுதிக்கொண்டேன்.

முதலாவது, அம்மா விசைகளைப் பார்ப்பதே இல்லை. அந்தப் பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்து அழிந்திருந்தன. அவளுக்கு அது பொருட்டே இல்லை. எல்லா விசைப்பலகையிலும் இரண்டு சுட்டுவிரல்களும் நிற்கும் விசைகளில் சின்ன மேடு இருக்கும். அம்மாவின் வரிசையில் அவை க, த. விரல் அந்த மேட்டைத் தொட்டுத் தன் இடத்தை அறிந்துகொள்கிறது. இரண்டாவது, ரெமிங்டனில் பழகிய விரல்கள் ஓங்கி அடிப்பவை. மடிக்கணினியின் விசை அத்தனை ஆழம் இறங்காது. அடித்தோமா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. மூன்றாவது, கண். 2022-இல் இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்துகொண்டவள். பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத்தான் கிட்டத்தில் உள்ளதைப் படிக்க முடியும். திரை உயரமாக இருந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கும். கூசும் வெளிச்சமும் கூடாது. நான்காவது, ஆவணத்தைச் சேமிக்க அவள் கை தானாகவே பழைய திரையின் இடது மேல் மூலை இருந்த பக்கம் போகிறது.

நோட்டின் அடுத்த பக்கத்தில், அம்மாவுக்கு இல்லாமல் இருந்து இனி வேண்டியவை எவை என்று அவளையே கேட்டு எழுதினேன். "பேரப் பிள்ளையைத் திரையில பெருசா பாக்கணும். அடிச்ச மனுவைப் போன்ல அனுப்பணும்னு எல்லாரும் கேக்கறாங்க, அது முடியணும். பாட்டியோட பாட்டெல்லாம் திரும்ப வேணும்." இந்த மூன்றுதான்.

சென்னை திரும்பிய வாரம் ரிச்சி தெருவுக்குப் போனேன். தம்பியும் கூட வந்தான். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் கம்பியும் சர்க்யூட்டும் தொங்கும் நெருக்கமான கடைகள். பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட மேசைக் கணினிகளைத் துடைத்துச் சரிசெய்து விற்கிறார்கள். ஓயாமல் ஓடும்படி கட்டப்பட்டவை என்பதால் இவை நீடித்து உழைக்கும். விலையும் பாதிக்குக் கீழே. ஆனால் ஒன்றைக் கவனித்தே ஆக வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிவதாக முன்பே அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 ஓட வேண்டுமானால் இன்டெல் செயலி எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். குறைந்த விலைக்குக் காட்டப்பட்டவை பலவும் நாலாம், ஆறாம் தலைமுறை. அவற்றை வாங்கியிருந்தால் ஆறு மாதத்தில் மறுபடி இதே கவலை வந்திருக்கும். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ள சிறிய பெட்டி ஒன்றை எடுத்தோம். 24 அங்குலத் திரை ஒன்றும் ஒரு கேமராவும் புதிதாக வாங்கினோம். இந்த மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு மடிக்கணினிக்கு நான் கொடுத்ததைவிடக் குறைவு.

விசைப்பலகைக்குப் புதிது தேடவில்லை. அம்மாவின் பழைய பலகையின் முனை ஊதா நிற வட்டப் பிளக். இப்போதைய பெட்டியில் அதற்குத் துளை கிடையாது. யுஎஸ்பிக்கு மாற்றும் துண்டு ஒன்று 60 ரூபாய்க்குக் கிடைத்தது, வேலை செய்யவில்லை. அது வெறும் முனையை மட்டும் மாற்றுவது. உள்ளே சிறு சில்லு வைத்து, பழைய பலகையின் குறிகளைப் புதிய கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வேறு. நாலு கடை ஏறி இறங்கி அதைக் கண்டுபிடித்தது தம்பி. அந்தப் பகல் முழுவதிலும் எனக்கு மிகவும் நிறைவு தந்த பொருள் அதுதான்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். 2004-இன் டிஸ்க் அகலமான பட்டை வயரில் இணைவது. இன்றைய பெட்டிக்குள் அதை மாட்ட முடியாது. யுஎஸ்பி வழியாகப் படிக்கும் அடாப்டர் வாங்கி இணைத்தேன். இரண்டு முறை கரகரத்துவிட்டுப் படிக்கத் தொடங்கியது. 20 ஆண்டு உழைப்பின் மொத்த எடை 300 எம்.பி. கூட இல்லை.

கோப்பைத் திறந்தால் தமிழ் இல்லை. அம்மா என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. பாமினி போன்ற அன்றைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் குறியெண்களையே எடுத்துக்கொண்டு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் பொருத்தியவை. எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் சிதறல்தான். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியெண் வைத்திருந்த காலம் அது. 1999-இல் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் தரப்படுத்தியது. 2010-இல் யூனிகோடு எனப்படும் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் எழுதப்பட்டவை எத்தனையோ கணினிகளில் இப்படியே உறைந்து கிடக்கின்றன.

பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றினேன். தமிழ் அப்படியே எழுந்து வந்தது. ஆனால் நடுவே இருந்த ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகிவிட்டன. இரண்டுக்கும் ஒரே குறியெண் என்பதால் கருவிக்கு வேறுபாடு தெரியாது. அவற்றைச் சரிசெய்ய அம்மாவால்தான் முடியும்.

ஆனி மாதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனோம். பழைய மேசை, பழைய நாற்காலி, பழைய மூலை. திரையை அதன் தாங்கியில் இறக்கக்கூடிய அளவுக்கு இறக்கி, எழுத்தின் அளவை 150 சதவீதமாக்கி, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி மேசையைச் சற்றுத் திருப்பினேன். எழுதுவதற்கு லிபரே ஆபீஸ் போட்டேன். அதன் மெனுவும் சேமிக்கும் படமும் அம்மா பழகிய பழைய வேர்டைப் போலவே மேலே வரிசையாக இருக்கும். எ-கலப்பை மென்பொருளில் பாமினி வரிசை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் விரல் பழைய இடத்திலேயே ஓடும், திரையில் விழுவது ஒருங்குறித் தமிழாக இருக்கும். உறவுக்காரப் பையன் ஒருவன் "பெரியம்மா தமிழ்99 கத்துக்கலாமே, அதுதான் சுலபம்" என்றான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். உயிரெழுத்து இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்த ஒழுங்கான வரிசை அது. ஆனால் அம்மா தன் விரல்களை ஒரு முறை மாற்றிக்கொண்டுவிட்டாள். இன்னொரு முறை மாற்றச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை.

இணையம் வந்ததால் இரண்டு காரியம் செய்தேன். எதையும் நிறுவ அனுமதியில்லாத சாதாரணக் கணக்கை அம்மாவுக்குக் கொடுத்து, நிர்வாகக் கணக்கை நான் வைத்துக்கொண்டேன். போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லி முதியவர்களை மிரட்டிப் பணம் பறிக்கிறவர்களைப் பற்றி விவரமாகச் சொல்லி, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைத் திரையின் விளிம்பில் பெரிதாக எழுதி ஒட்டினேன். வாரம் ஒரு முறை அம்மாவின் கோப்புகள் ஒரு பென்டிரைவில் நகலாகின்றன. அந்த வேலை தம்பியுடையது.

எல்லாம் தயாரானதும் அம்மா வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். இரண்டு சுட்டுவிரல்களும் க, த மேடுகளைத் தொட்டு நின்றன. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினாள். அனுப்புநர், பெறுநர், ஐயா. பக்கத்து வீட்டு அக்காவின் மனு. எட்டு மாதமாக அந்த அறையில் இல்லாமல் இருந்த சத்தம் திரும்ப வந்தது. நானும் தம்பியும் ஒன்றும் பேசாமல் கூடத்தில் வந்து நின்றோம்.

மனுவை முடித்து, அக்காவின் கைப்பேசிக்கு அனுப்பினாள். எந்த எழுத்துருவும் தேவைப்படாமல் அது அப்படியே தமிழாகப் போய்ச் சேர்ந்தது. "பாத்தியா, சிதறவே இல்ல" என்று மனுவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இரவு பேரனைத் திரையில் பெரிதாகப் பார்த்தாள். மறுநாளிலிருந்து பழைய கோப்புகளைத் திறந்து, சிதைந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் திருத்துவதுதான் காலை வேலை. இதுவரை பாட்டியின் பாடல்களில் 62 முடிந்திருக்கின்றன.

வயதான அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கணினி மாற்றப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கடைக்குப் போவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கை எங்கே போகிறது, கண் எங்கே நிற்கிறது, எந்த வேலையை அவர்கள் தங்கள் வேலை என்று நினைக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். செயலி, நினைவகம், டிஸ்க் எல்லாம் கை தொடாத இடங்கள். அவை எவ்வளவு புதிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கை தொடும் இடம் பழையதாகவே இருக்கட்டும். பழைய கணினியை எடைக்குப் போடும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.